சீமாற்றுக் குச்சியும் வகைக்கெழுவின் குறியும்

போன வாரம் என் டியூஷனில் ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். ஒரே ஒரு வரைபடம், ஒரே ஒரு கேள்வி. எக்ஸ் 1.5 ஆக இருக்கும் இடத்தில் வகைக்கெழுவின், அதாவது கோட்டின் சாய்வின், குறி என்ன, பிளஸ்ஸா மைனஸா? சூத்திரம் வேண்டாம், கணக்குப் போட வேண்டாம், கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும் என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் மைனஸ் என்று எழுதியிருந்தார்கள். விடை பிளஸ்.

ஒரு பையனைக் கூப்பிட்டு, "ஏன் கண்ணு மைனஸ் போட்டே?" என்று கேட்டேன்.

"கோடு அச்சுக்குக் கீழ இருக்குதுங்களே மிஸ்" என்றான். மற்ற எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. கோடு கீழேதான் இருந்தது. ஆனால் அது இருக்கும் இடத்தை நான் கேட்கவில்லை, போகும் திசையைக் கேட்டேன். மேட்டுப்பாளையத்தில் இருபது வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு தப்பு ஆடிக் காற்று மாதிரி வருடம் தவறாமல் வந்துவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் செய்வார்கள். வகைக்கெழு காணச் சொன்னால் பக்கம் பக்கமாகப் போடுகிறவர்கள், படத்தைக் காட்டி "இங்கே குறி என்ன" என்றால் திகைத்து நிற்பார்கள். அவர்களுக்காக நான் வகுப்பில் செய்து காட்டுவதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சீமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சீமாறு என்போம், உங்கள் ஊரில் விளக்குமாறு. தென்னை ஈர்க்காக இருக்க வேண்டும், நேராக இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொண்டால் போதும். ஸ்கேல் எதற்கு ஆகாது என்றால், அது அகலம், பாதி வளைவரையை மறைத்துவிடும். பென்சில் உருண்டு ஓடும். ஈர்க்கு மெல்லிசு. கோட்டின் மேல் வைத்தாலும் இரண்டு பக்கமும் கோடு தெரியும்.

எந்தப் புள்ளியில் குறி வேண்டுமோ, அந்தப் புள்ளியின் மேல் குச்சியை வையுங்கள். அந்தப் புள்ளிக்கு மிகப் பக்கத்தில் வளைவரையும் குச்சியும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகிற மாதிரி குச்சியைத் திருப்புங்கள். அதுதான் தொடுகோடு. அதன் சாய்வுதான் அந்தப் புள்ளியில் வகைக்கெழு. சாய்வு எவ்வளவு என்று இப்போது நமக்குக் கவலையில்லை, குறி மட்டும் போதும். அதற்குக் குச்சியின் வலது முனையைப் பாருங்கள். இடது முனையைவிட வலது முனை மேலே இருந்தால் பிளஸ். கீழே இருந்தால் மைனஸ். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருந்தால் பூச்சியம்.

ஏன் வலது முனை? எக்ஸ் அச்சில் வலப்பக்கம் போனால் எக்ஸ் கூடுகிறது. எக்ஸைக் கொஞ்சம் கூட்டினால் ஒய் கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் வகைக்கெழுவின் குறி சொல்லும் சேதி. ஆகவே தமிழ் வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாகத்தான் படத்தையும் வாசிக்க வேண்டும். சில பிள்ளைகள் முகட்டில் கண்ணை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இறக்கம், அதனால் இரண்டு பக்கமும் மைனஸ் என்பார்கள். உச்சியில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இடது ஓரத்திலிருந்து நடந்து வந்தால்தான் முதல் பாதி ஏற்றம் என்பது தெரியும்.

சரி, அந்த டெஸ்ட் படத்துக்கு வருவோம். அது எக்ஸ் கியூப் மைனஸ் 3 எக்ஸ் என்ற சார்பின் வளைவரை. நீங்களும் ஒரு கிராஃப் தாளில் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. எக்ஸ் மைனஸ் 2 என்றால் ஒய் மைனஸ் 2. எக்ஸ் மைனஸ் 1 என்றால் ஒய் 2. எக்ஸ் 0 என்றால் ஒய் 0. எக்ஸ் 1 என்றால் ஒய் மைனஸ் 2. எக்ஸ் 2 என்றால் ஒய் 2. நடுவில் கை தடுமாறாமல் இருக்க இன்னும் ஒன்று, எக்ஸ் 1.5-க்கு ஒய் மைனஸ் 1.125. புள்ளிகளைக் கூர் விழாமல் வழுவழுவென்று சேர்த்தால், இடது கீழ் மூலையிலிருந்து கிளம்பி ஏறி ஒரு முகடு, அங்கிருந்து சறுக்கி ஒரு பள்ளம், மறுபடி ஒரு ஏற்றம் என்று படம் வரும்.

இப்போது குச்சியை மைனஸ் 2-இல் வையுங்கள். கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும், வலது முனை மேலே. பிளஸ். கோட்டோடு ஒட்டியபடியே அதை மெதுவாக வலப்பக்கம் தள்ளிக்கொண்டு வாருங்கள். குச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்து, மைனஸ் 1-இல் முகட்டின் மேல் முழுக்கப் படுத்துவிடும். பூச்சியம். இன்னும் ஒரு நூல் தள்ளுங்கள், வலது முனை கவிழும். மைனஸ் ஆரம்பித்துவிட்டது. அங்கே கோடு எங்கே இருக்கிறது பாருங்கள், அச்சுக்கு மேலே உச்சாணியில் இருக்கிறது. இருந்தும் குறி மைனஸ்.

எக்ஸ் 0-இல் கோடு அச்சை வெட்டுகிறது. ஒய் பூச்சியம் என்றவுடன் வகைக்கெழுவும் பூச்சியம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். குச்சியைப் பாருங்கள், நன்றாக வலப்பக்கம் சரிந்து கிடக்கிறது. மைனஸ்தான். 1-க்கு வந்தால் பள்ளத்தின் அடியில் மறுபடி படுத்துக்கொள்ளும், பூச்சியம். அதைத் தாண்டி 1.5. கோடு இன்னும் அச்சுக்குக் கீழே, கிணற்றுப் படியில் ஏறி வருகிற ஆள் மாதிரி. தலை தரைக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறார். குச்சியின் வலது முனை மேலே. பிளஸ்.

இதைச் செய்து முடித்ததும் படத்துக்கு அடியில் இரண்டு படுக்கைக் கோடுகள் போடச் சொல்வேன். மேல் கோட்டில் ஒய்யின் குறி, கீழ்க் கோட்டில் வகைக்கெழுவின் குறி. ஒய் குறி மாறும் இடங்கள் மைனஸ் 1.73, 0, 1.73. வகைக்கெழு குறி மாறும் இடங்கள் மைனஸ் 1, 1. இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு எண்கூட இல்லை பாருங்கள். இதை ஒரு தடவை தன் கையால் எழுதிய பிள்ளை அப்புறம் இரண்டையும் குழப்பிக்கொள்வது அபூர்வம். நான் வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட இந்த இரண்டு கோடுகள் நன்றாக வேலை செய்கின்றன. சந்தேகம் தீர வேண்டுமானால் சூத்திரத்திலும் போட்டுக்கொள்ளலாம். வகைக்கெழு 3 எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 3. எக்ஸ் 1.5 என்றால் 6.75-இல் 3 போக 3.75. பிளஸ்.

இதே விஷயத்துக்கு எங்கள் ஊரில் நிஜமான ஒரு வரைபடம் உண்டு. காலையில் எங்கள் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி ஊட்டிக்கு ஏறும் மலை ரயில். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. எக்ஸ் அச்சில் மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும், ஒய் அச்சில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதையும் வையுங்கள். மேட்டுப்பாளையம் 0 கிலோமீட்டர், 1,069 அடி. கல்லாறு 8, 1,260. ஹில்குரோவ் 18, 3,580. குன்னூர் 28, 5,616. அரவங்காடு 32, 6,144. கேத்தி 38, 6,864. லவ்டேல் 42, 7,694. ஊட்டி 46, 7,228. ஒரு சென்டிமீட்டருக்கு 4 கிலோமீட்டர், 500 அடி என்று அளவு எடுத்தால் ஒரு கிராஃப் தாளில் அடங்கிவிடும்.

புள்ளிகளைச் சேர்த்ததும் குச்சியை எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை எட்டுக் கிலோமீட்டரில் 191 அடிதான் ஏற்றம். பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம் என்று பார்த்துக்கொண்டே போகும்போது ஏறுகிறோம் என்றே தெரியாது. குச்சி லேசாகத்தான் தலை தூக்கும். ஆனாலும் தூக்குகிறது, பிளஸ். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்தெல்லாம் இந்தப் பகுதியில்தான். எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இருபது கிலோமீட்டரில் 4,356 அடி ஏற்றம், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 218 அடி. இங்கே குச்சி நிமிர்ந்து நிற்கும். குறி? அதே பிளஸ். எட்டுக் கிலோமீட்டர் தூங்கி வழிந்த பிளஸ்ஸும் பல்சக்கரத்தில் மூச்சு வாங்கும் பிளஸ்ஸும் குறியைப் பொறுத்தவரை ஒன்றுதான். குறி கேட்டால் குறியை மட்டும் சொல்லுங்கள். "ரொம்ப பிளஸ்" என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு, அதற்குத் தனி மார்க் கிடையாது.

பிள்ளைகள் எதிர்பார்க்காத இடம் கடைசி நான்கு கிலோமீட்டர். ஊட்டிதான் உச்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பாதையின் உச்சி லவ்டேல் பக்கம். அங்கிருந்து ஊட்டிக்கு 466 அடி இறக்கம். லவ்டேல் வரை பிளஸ், உச்சியில் குச்சி படுத்துக்கொள்கிறது, அப்புறம் ஊட்டி வரை மைனஸ். ஊட்டி 7,228 அடியில் உட்கார்ந்திருக்கிறது, கீழே நின்று பார்க்கும் எங்களுக்கு அது வானத்தில் இருக்கிற ஊர். அங்கே போய்ச் சேருகிற பாதையின் குறி மைனஸ். உயரம் வேறு, குறி வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. நாம் வைத்தது எட்டுப் புள்ளிகள்தான். நடுவில் போட்ட கோடு நம் ஊகம். கேத்திக்கும் லவ்டேலுக்கும் நடுவே பாதை எங்காவது ஐம்பதடி தூரம் மட்டமாகவோ லேசாக இறங்கியோ போனால் நம் படத்தில் அது தெரியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு புள்ளியைவிட அடுத்த புள்ளி உயரம் என்றால், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்திலாவது சாய்வு பிளஸ்ஸாக இருந்தே ஆக வேண்டும். பாடத்தில் லெக்ராஞ்சி பெயரில் ஒரு தேற்றம் வருமே, அது சொல்வது இதைத்தான்.

போன வருடம் ஒரு பொண்ணு கேட்டாள்: "மிஸ், ஊட்டியில இருந்து ரயில் இறங்கி வரும்போது குறியெல்லாம் மாறிடுங்களா?" எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எக்ஸ் அச்சு மேட்டுப்பாளையத்திலிருந்து தூரம் என்றே இருந்தால், ஒன்றும் மாறாது. அந்தப் படம் பாதையைப் பற்றியது. ரயில் மேலே போனாலும் கீழே வந்தாலும் பாதை அதே பாதை. தூரத்தை ஊட்டியிலிருந்து அளக்க ஆரம்பித்தால் படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பும், குறிகளும் தலைகீழாகும்: முதல் நான்கு கிலோமீட்டர் பிளஸ், மிச்சமெல்லாம் மைனஸ். எக்ஸ் அச்சில் தூரத்துக்குப் பதில் நேரத்தை வைத்தால் அது பாதையின் படமே அல்ல, அன்றைய பயணத்தின் படம். ஏறும் ரயிலுக்கு ஒரு படம், இறங்கும் ரயிலுக்கு வேறு படம். ஆகவே குச்சியை எடுக்கும் முன்னால் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நிலத்தடி நீர் படங்களில் இது இன்னும் வம்பு. தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதைச் சிலர் அச்சைத் தலைகீழாக்கி, 0 மேலேயும் 10, 20 கீழேயுமாகப் போடுவார்கள். கோடு தாளில் கீழே போகும், ஆழம் என்ற எண்ணோ கூடிக்கொண்டிருக்கும். ஆழத்தின் வகைக்கெழு அங்கே பிளஸ். குச்சி காட்டும் குறியை அந்த மாதிரிப் படத்தில் மாற்றிப் போட வேண்டும்.

இனி குச்சி தகராறு செய்யும் இடங்கள். எக்ஸ் கியூப் என்ற சார்பை மட்டும் தனியாகப் போடுங்கள். இடப்பக்கத்திலிருந்து ஏறி வருகிறது, 0-இல் குச்சி ஒரு நொடி படுத்துக்கொள்கிறது, உடனே எழுந்து மறுபடி ஏறுகிறது. முகடும் இல்லை, பள்ளமும் இல்லை. குறி வரிசை பிளஸ், பூச்சியம், பிளஸ். பூச்சியம் வந்தாலே அடுத்தது குறி மாறும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். படுத்த குச்சி எந்தப் பக்கம் எழுகிறது என்று இன்னும் ஒரு நூல் தள்ளிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எக்ஸின் மட்டு மதிப்பு, அதாவது வி வடிவப் படம். வி-யின் இடது கிளையில் குச்சி ஒழுங்காக ஒட்டும், மைனஸ். வலது கிளையிலும் ஒட்டும், பிளஸ். அந்த முனையில் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் ஒட்டினால் மறு பக்கம் விலகும். சில பிள்ளைகள் அங்கே குச்சியைக் கிடையாக வைத்து, பாலன்ஸ் ஆகிறது, பூச்சியம் என்பார்கள். அது சர்க்கஸ், தொடுகோடு இல்லை. அங்கே வகைக்கெழுவே இல்லை, ஆகவே குறியும் இல்லை. குறிக் கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். எக்ஸின் கன மூலத்துக்கு 0-இல் குச்சி செங்குத்தாக நின்றுவிடும், அங்கேயும் அதே வட்டம்தான், இரண்டு பக்கமும் பிளஸ். கோடு விட்டுப்போன இடம், திடீரென்று தாவிய இடம் எல்லாவற்றுக்கும் வட்டம்.

1-ஐ எக்ஸால் வகுத்தால் வரும் படத்தில் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு துண்டு. இடது துண்டு அச்சுக்குக் கீழே, வலது துண்டு மேலே. மொத்தமாகப் பார்க்கிற கண்ணுக்குக் கீழிருந்து மேலே போன மாதிரி இருக்கும். குச்சியை ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாக ஓட்டுங்கள், எங்கே வைத்தாலும் வலது முனை கீழே. எல்லா இடத்திலும் மைனஸ், 0-இல் மட்டும் வட்டம். துண்டுக்குத் துண்டு தாவிய உயரத்தைக் குறியில் சேர்க்கக் கூடாது.

படுத்த மாதிரி தெரிகிற வால் இன்னொரு தொல்லை. இதே படத்தில் வலப்பக்கம் வெகு தூரம் போனால் கோடு அச்சோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். குச்சியை வைத்தால் மட்டமாகத்தான் தெரியும். ஆனால் எக்ஸ் 10-இல் ஒய் 0.1, எக்ஸ் 20-இல் 0.05. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மைனஸ்தான். தாளில் கண்ணுக்கு எட்டாத சாய்வு இருந்தால் இரண்டு மதிப்பை எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அல்லது ஒய் அச்சை இழுத்துப் பெரிதாக்கிப் போட வேண்டும். அளவை மாற்றினால் குச்சியின் சாய்வு கூடக் குறைய மாறும், பிளஸ் மைனஸ் ஆகாது, மைனஸ் பிளஸ் ஆகாது. அச்சைத் தலைகீழாகத் திருப்பாத வரைக்கும்.

இனி நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் தயார் செய்தேன். எஃப் என்பது சார்பு, எஃப் டேஷ் என்பது அதன் வகைக்கெழு. படத்துக்குக் கீழே "எஃப் டேஷின் வரைபடம் தரப்பட்டுள்ளது" என்று நானே என் கையால் எழுதிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு விடைத்தாள் எழுதும்போது அதை எஃப்பின் படமாக நினைத்துக் குச்சியை ஓட்டி விடை எழுதியிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தும் ஆயிற்று. மறுநாள் ஒரு பையன், "மிஸ், எனக்கு எல்லாமே தப்பா வருதுங்க" என்று முகம் வாடி வந்து நின்றான். அவன் விடைகள்தான் சரி. ஆறு கேள்வியில் என்னுடையது நான்கு தப்பு.

எஃப் டேஷின் படத்தையே கொடுத்துவிட்டால் குச்சிக்கு வேலை இல்லை. அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் உயரமும் வகைக்கெழுவின் மதிப்பு. ஆகவே கோடு அச்சுக்கு மேலே என்றால் பிளஸ், கீழே என்றால் மைனஸ், அச்சை வெட்டும் இடத்தில் பூச்சியம். டெஸ்டில் அந்த ஒன்பது பேர் செய்தது இதைத்தான், படம் மட்டும் வேறு. இதனால்தான் இந்தப் பாடம் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். இரண்டு வாசிப்பும் சரி, எந்தப் படத்துக்கு எந்த வாசிப்பு என்பதில்தான் தப்பு நடக்கிறது. இப்போதெல்லாம் படத்தின் தலைப்பில் எஃப்பா எஃப் டேஷா என்று பார்த்து, அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட பிறகுதான் குச்சியைத் தொடவே விடுகிறேன். நானும் போடுகிறேன்.

எஃப்பின் படத்தை வைத்து எஃப் டேஷின் படத்தைத் தோராயமாக வரையச் சொன்னால், அந்தக் குறிக் கோடு கை கொடுக்கும். எக்ஸ் கியூப் மைனஸ் 3 எக்ஸுக்குப் போட்டோமே, பிளஸ், மைனஸ் 1-இல் பூச்சியம், மைனஸ், 1-இல் பூச்சியம், பிளஸ். அதற்குக் கீழேயே அச்சை வரைந்து, பிளஸ் இருக்கும் இடத்தில் கோட்டை மேலேயும், மைனஸ் இருக்கும் இடத்தில் கீழேயும், பூச்சியத்தில் அச்சின் மேலேயும் கொண்டுபோனால் கிண்ணம் மாதிரி ஒரு பரவளையம் வந்துவிடும். முகடும் பள்ளமும் இருந்த இடங்களில் அச்சை வெட்டும்.

வகைக்கெழுவுக்கே மறுபடி வகைக்கெழு எடுத்தால் அது இரண்டாம் வகைக்கெழு. அதன் குறியும் இதே குச்சியில் தெரியும். குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுழன்றால் பிளஸ், முள் சுற்றும் பக்கம் சுழன்றால் மைனஸ். தண்ணீர் பிடிக்கும் பள்ளம் பிளஸ், தண்ணீர் வழிந்தோடும் முகடு மைனஸ் என்றும் சொல்லலாம். எங்கள் டியூஷனில் பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீர்க் கணக்குத்தான் பிடிக்கிறது.

தண்ணீர் என்றதும் மேட்டூர் அணை. மழைக்காலத்தில் தினமும் செய்தியில் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் வரும். நீர்மட்டத்தின் படத்தை நாள்வாரியாகப் போட்டால், வரத்து வெளியேற்றத்தைவிட அதிகம் இருக்கும் நாட்களில் கோடு ஏறும், பிளஸ். குறைவாக இருந்தால் இறங்கும், மைனஸ். ஆவியாகிப் போவதையும் கசிவதையும் இங்கே விட்டுவிடலாம். முழு மட்டம் 120 அடி. அணை நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே உபரியாகத் திறந்துவிடும்போது கோடு 120-இல் படுத்துக்கிடக்கும், பூச்சியம். கரையோரம் வெள்ள எச்சரிக்கை, ஆற்றில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போகிறது, வகைக்கெழு பூச்சியம். நீர்மட்டம் 110 அடி என்று மட்டும் யாராவது சொன்னால் குறி சொல்ல முடியாது, நேற்று எவ்வளவு என்று கேளுங்கள். நேற்று 111 என்றால் மைனஸ். அணையில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, எப்படி மைனஸ் என்று என் வீட்டுக்காரர் இன்னமும் சண்டை போடுகிறார்.

டெஸ்டுக்கு அடுத்த நாள் வீட்டுப்பாடமாக ஒன்று கொடுத்தேன். மலை ரயில் ஊட்டியில் கிளம்பி மேட்டுப்பாளையம் வந்து சேரும் வரை, எக்ஸ் அச்சில் நேரம், ஒய் அச்சில் உயரம். அளவு துல்லியமாக வேண்டாம், வடிவம் சரியாக இருந்தால் போதும், அடியில் குறிக் கோடு போட வேண்டும். ஒன்பது பேரில் ஏழு பேர் லவ்டேல் வரை பிளஸ், அங்கே பூச்சியம், அப்புறம் மைனஸ் என்று சரியாகப் போட்டிருந்தார்கள். 'கோடு கீழ இருக்குதுங்களே' என்று சொன்ன அந்தப் பையன் இன்னொன்றும் செய்திருந்தான். எஞ்சின் மாற்றுவதற்காக ரயில் குன்னூரில் நிற்கும் நேரத்துக்கு நடுவில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு இழுத்து, அதற்கு நேர் கீழே குறிக் கோட்டில் பூச்சியம் என்று எழுதியிருந்தான். அதை நான் கேட்கவே இல்லை.